அண்ணனின் வலது கண்

என் அண்ணன் பிறவித் தொடைநடுங்கி. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஐம்பத்திரண்டு வருஷமாக அவனோடு மாரடித்துக்கொண்டிருக்கிறேன். தெருநாய் எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவான், அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தாலும் சரி. லிஃப்டில் ஏற மாட்டான். தொடர்ந்து நாலு தும்மல் வந்தால் டாக்டர் வாசலில் நிற்பான். முதுகில் முளைத்த ஒரு மருவுக்காக மூன்று டாக்டர்களைப் பார்த்தான். மூன்று பேரும் அதை மரு என்றுதான் சொன்னார்கள். நாலாவதாக ஒருவரைப் பார்க்கக் கிளம்பியவனை அண்ணிதான் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். கூடப்பிறந்த மூத்தவனை அவன் இவன் என்று எழுதுகிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். என்னைவிட ஆறு வயது பெரியவன்தான். ஆனாலும் பல் பிடுங்கப் போகும்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போவது நான்தான்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். இடிந்து விழுந்துவிடுமோ என்று மற்றவர்கள் சந்தேகப்படும் கட்டடங்களுக்குள் போய், சுவரிலும் தூணிலும் உள்ள விரிசல்களைப் படம் எடுக்க வேண்டும். கட்டடங்களைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் முப்பது வருஷமாக அவன்தான் புகைப்படக்காரன். நான் அதே அலுவலகத்தில் அறிக்கைகளை அடித்து, படங்களை உரிய இடத்தில் சேர்த்து, அட்டை போட்டு அனுப்புகிறவள். விரிசலைத் தேடி அலைவதால் அங்கே அவனுக்குக் 'கிராக்கு' என்று பட்டப்பெயர். அவனும் அதற்குத் திரும்பிப் பார்ப்பான். 'அந்தக் கிராக்கு சாரைக் கூப்பிடுங்க' என்று வாடிக்கையாளர்கள்கூட மரியாதையாகச் சொல்வார்கள்.

அவன் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. ஒரு விரிசல் வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதுதான் கட்டடக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம். அதற்காக மாதம் ஒரு முறை அதே விரிசலை அதே அளவில் படம் எடுப்பான். விரிசலின் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொட்டுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று தெரிந்துவிடும். இரண்டு படமும் ஒரே அளவில் இருந்தால்தான் இது நடக்கும். புது லென்ஸ்கள் தாமாகவே ஃபோக்கஸ் செய்கிறேன் என்று உள்ளே முன்னும் பின்னும் ஓடும், அளவு மாறிவிடும். அதனால் அண்ணன் பழைய லென்ஸ் ஒன்றை வைத்திருந்தான்.

ஃபிலிம் காலத்து லென்ஸ் அது. முழுக்க உலோகம், கையில் எடுத்தால் அரைப்படி போலக் கனக்கும். எண்களையெல்லாம் உடம்பில் குழிவாகச் செதுக்கி வெள்ளை பூசியிருப்பார்கள். அலுவலகத்தில் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கியபோது, அதனுடன் வந்த பிளாஸ்டிக் லென்ஸை மரியாதையாக அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு உலோக வளையத்தை நடுவில் மாட்டி இந்தக் கிழ லென்ஸை அதன் மூஞ்சியில் பொருத்தினான். கேமராவும் லென்ஸும் ஒன்றோடொன்று பேசாது. பேச்சுவார்த்தை அற்றுப்போன சம்பந்திகள் போல ஒரே மேடையில் நிற்கும். லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அண்ணன்தான் செய்ய வேண்டும். ஒளி வரும் துவாரத்தை அகலத் திறந்து வைத்துப் பார்ப்பான், தெளிவானதும் வளையத்தை இடப்பக்கம் திருப்பி, டிக், டிக், டிக் என்று மூன்று எண்ணி மூடுவான், பிறகு பொத்தானை அழுத்துவான்.

தூரத்தை மாற்றும் வளையத்தை மட்டும் தொடவே மாட்டான். அண்ணியின் நகப்பூச்சால் அதில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தான். வளையம் எப்போதும் அந்தப் புள்ளியிலேயே நிற்கும். ஃபோக்கஸ் செய்ய அவன் லென்ஸைத் திருப்புவதில்லை, தானே நகர்வான். வியூஃபைண்டரில் வலது கண்ணை ஒட்டிவைத்து, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முன்னால் ஒரு விரல்கடை சாய்வான், பின்னால் ஒரு விரல்கடை சாய்வான். விரிசலின் ஓரம் கத்தி போலத் தெரிகிற அந்த ஒரு நொடியில் மூச்சை நிறுத்திப் படம் எடுப்பான். அதாவது, எல்லாம் அந்த வலது கண் சொல்வதுதான். சரிபார்க்க வேறு ஆள் கிடையாது.

இனி என் பங்குக்கு வருகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஏப்ரல் வாக்கில் ஒரு தண்ணீர்த் தொட்டிக் கட்டடத்தின் படங்களை எடுத்துக்கொண்டு வந்தான். என் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது மூன்றாவது படத்திலிருந்து விரிசலின் ஓரம் கொழகொழவென்றிருந்தது. ஏணியில் நின்று எடுத்திருப்பான், கை ஆடியிருக்கும் என்று நினைத்து அப்படியே அறிக்கையில் வைத்துவிட்டேன். எங்கள் இன்ஜினியர் சார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷன். அறிக்கையைத் தூக்கி மேஜையில் போட்டார்.

"என்ன சார் இது, விரிசலா பாசியா? அந்தப் பழைய டப்பாவைத் தூக்கி ஓரமா வைங்க. புது லென்ஸ் வாங்கித் தரேன், அதுவே ஃபோக்கஸ் பண்ணிக்கும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்குப் போனவனுக்கு நெஞ்செரிச்சல், வாந்தி. மறுநாள் லீவு. வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று அண்ணியிடம் நூறு தடவை கேட்டிருக்கிறான். அண்ணி எனக்கு ஃபோன் பண்ணி, "உங்க அண்ணனை அந்த ஆபீஸ்ல யாரும் ஒண்ணும் சொல்லாம பாத்துக்கக் கூடாதா? இங்க நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார்.

பார்த்துக்கொண்டேன். அடுத்த மாதம் படங்கள் வந்தபோது அவையும் கொழகொழ. கணினியில் படத்தைக் கூர்மையாக்க ஒரு வசதி இருக்கிறது. திரையில் உள்ள ஒரு அளவுக்கோட்டை வலப்பக்கம் இழுத்தால் ஓரங்கள் எழும்பி நிற்கும். இழுத்தேன். ஐந்து நிமிஷ வேலை. அறிக்கை ஒரு முணுமுணுப்பு இல்லாமல் போனது. அச்சிட்ட பிரதியை அண்ணன் கையில் வாங்கி, இரண்டு கண்ணாலும் ஆசையாகப் பார்த்துவிட்டு, "பாத்தியா, கிழவன் எப்படி வெட்டறான்!" என்று லென்ஸைத் தட்டிக்கொடுத்தான். நான் சிரித்தேன். அவனிடமும் சொல்லவில்லை, சாரிடமும் சொல்லவில்லை. அதற்கடுத்த மாதமும் அப்படியே. மாதாமாதம் கோட்டைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டியிருந்தது. வயசாகிறது, கை நடுங்குகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கண் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நான் படித்து வாங்கிய பட்டத்தை அடுப்பில்தான் போட வேண்டும்.

போன வருஷக் கடைசியில் அண்ணன் கேமராவுக்குள் ஒரு மாற்றம் செய்தான். படங்கள் லேசாகச் சாய்கின்றன என்று சார் சொன்னதால், வியூஃபைண்டருக்குள் கட்டம் போட்ட கண்ணாடித் தகடு ஒன்றை வாங்கி மாட்டினான். உள்ளே பார்த்தால் நெடுக்கும் குறுக்கும் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். மாட்டிய அன்றே என்னிடம் வந்தான்.

"இந்தத் தகடு மட்டம். நடுவுல கோடு வளைஞ்சிருக்கு."

திருப்பி அனுப்பி வேறொன்று வாங்கினான். அதிலும் நடுவில் வளைந்திருந்தது. கேமரா பழுதுபார்க்கிறவரிடம் கொண்டுபோனான். அவர் உள்ளே இருந்த சின்னக் கண்ணாடியைத் துடைத்து, தகட்டைக் கழற்றி மாட்டி, கண் வைத்துப் பார்த்து, "நேராத்தானே சார் இருக்கு" என்றார். அண்ணன் அவரைத் திறமையில்லாத ஆள் என்று முடிவு கட்டிவிட்டு வந்தான். கேமராவில் எத்தனை உறுப்பு உண்டோ அத்தனையையும் சந்தேகப்பட்டான். கேமராவுக்குப் பின்னால் இருந்த உறுப்பை மட்டும் சந்தேகப்படவில்லை. இரண்டு கண்ணையும் திறந்து உலகத்தைப் பார்க்கும்போது எல்லாம் நேராகத்தானே இருந்தது! நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடிக்கொண்டிருந்தது. கெட்ட கண் தனியாக மாட்டிக்கொண்ட ஒரே இடம் அந்தத் துளைதான்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பயிற்சிக்கூடத்து விஷயம் நடந்தது.

பழைய மூன்று மாடிக் கட்டடம். கீழே பெரிய கூடம், நடுவில் எட்டுத் தூண்கள். அன்றைக்குத் தட்டச்சுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நூற்றைம்பது பேர் டொக்கு டொக்கு என்று அடித்துக்கொண்டிருக்க, அண்ணன் சத்தமில்லாமல் ஓரமாக நின்று மூன்றாவது தூணைப் படம் எடுக்கப் போனான். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தான். தூணின் நடுப்பகுதி வயிறு போல் ஒரு பக்கமாகப் பிதுங்கியிருந்தது.

கேமராவை இறக்கிப் பார்த்திருக்கிறான். நேராக இருந்தது. மறுபடி கண்ணை வைத்தான். வயிறு. வேறு யாராக இருந்தாலும் கேமராவைத்தான் உதறியிருப்பார்கள். ஆனால் முப்பது வருஷமாக வெறுங்கண்ணுக்குத் தெரியாததை இந்த லென்ஸ் காட்டித்தான் அவன் பிழைத்திருக்கிறான். வெறுங்கண் ஏமாறும், லென்ஸ் ஏமாறாது என்பது அவன் நம்பிக்கை. அப்போதும் பையிலிருந்த இன்னொரு பழைய லென்ஸை மாற்றிப் போட்டுப் பார்த்தான். அதிலும் வயிறு. இரண்டு லென்ஸ் ஒரே பொய்யைச் சொல்லாது என்று தீர்மானித்துவிட்டான். சுமை தாங்காத தூண் நொறுங்குவதற்கு முன்னால் இப்படித்தான் பிதுங்கும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பிதுங்கியபின் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

"எந்திரிங்க! எல்லாரும் வெளிய போங்க! தூண் போயிட்டிருக்கு!"

நாய்க்குப் பயந்து சாலையைக் கடக்கிறவன் அன்று வெளியே ஓடவில்லை. கூடத்தின் நடுவில் நின்று, கையை வீசி, தொண்டை கிழியக் கத்தி நூற்றைம்பது பேரையும் வெளியேற்றியிருக்கிறான். மேலே இரண்டு மாடிக்கும் ஏறிப்போய்க் கத்தியிருக்கிறான். கடைசி ஆளாகத்தான் வெளியே வந்தானாம். தகவல் கிடைத்து சாரும் நானும் போய்ச் சேர்ந்தபோது மொத்தக் கூட்டமும் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் பேயறைந்தவன் மாதிரி நின்றான், சட்டை முழுக்க வேர்வை.

சார் துணிந்தவர். தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு ஆளோடு உள்ளே போனார். தூணின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, ஒரு கையால் தொப்பியைக் கழற்றினார்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. ஒரு மில்லிமீட்டர் விலகல் இல்ல."

அதற்குப் பிறகு அந்தத் தேர்வுக் கண்காணிப்பாளர் பேசிய பேச்சை எழுதினால் காகிதம் கருகிவிடும். நடுவில் நின்றுபோன தேர்வு செல்லாது, நூற்றைம்பது பேரும் மறுபடி எழுத வேண்டும். அண்ணன் எதையும் காதில் வாங்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போனான். அங்கிருந்து மூன்றாவது தூண் தெரிந்தது. கேமராவை என் கையில் திணித்தான்.

"நீ பாரு. உன் கண்ணால பாரு."

பார்த்தேன். கட்டங்களும் நேர், தூணும் நேர்.

"நேராத்தானேண்ணா இருக்கு."

"நடுவுல பாருடி! நல்லாப் பாரு!"

கேமராவைப் பிடுங்கித் தன் கண்ணில் வைத்தான். நெற்றி வேர்வை வழிந்து வலது கண்ணில் இறங்கியிருக்கிறது. எரிச்சலில் அதை மூடிக்கொண்டு, மூக்கு கேமராவில் இடிக்க, இடது கண்ணை வைத்தான். அப்படியே நின்றான். மறுபடி வலது கண். மறுபடி இடது. நான்கைந்து தடவை மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு கேமராவை மெதுவாக இறக்கி, லென்ஸ் மூடியை மாட்டி, பையில் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"கேமரா இல்ல" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஒரு மருவுக்கு ஊரைக் கூட்டியவன், திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் வாயே திறக்கவில்லை. சத்தமில்லாமல் அவன் பயந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றோம். அவன், அண்ணி, நான். டாக்டர் இளம்பெண், பொறுமையானவர். கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டி, இடது கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறபடி வரையச் சொன்னார். அண்ணன் வரைந்தான். ஓரத்தில் நேர்க்கோடுகள். நடுவில் வந்ததும் கோடுகள் உள்வாங்கிக் குழிந்தன. மையத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டத்தைத் தேய்த்துக் கறுப்பாக்கி, "இங்க ஒண்ணும் இல்ல" என்றான். அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள். விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறது என்றார் டாக்டர். சுவருக்குள் தண்ணீர் இறங்கினால் பூச்சு உப்பிக்கொண்டு வருமே, அது மாதிரி என்றார். அண்ணனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஊசி போட்டுக் கசிவை நிறுத்தலாம். மாசம் ஒண்ணு, முதல்ல மூணு."

"கையிலயா டாக்டர், இடுப்புலயா?"

"கண்ணுக்குள்ள."

அண்ணன் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். எழுந்து ஓடப்போகிறான் என்றுதான் நினைத்தேன், கதவை மறித்து நிற்கக்கூடத் தயாரானேன். ஓடவில்லை.

"இது எப்ப ஆரம்பிச்சது?" டாக்டர் கேட்டார்.

"ரெண்டு வாரம் ஆச்சு டாக்டர்" என்றான் அண்ணன், சட்டென்று. "கட்டக் கண்ணாடி மாட்டின அன்னைக்குத்தான் கோடு வளைஞ்சுது. அதுக்கு முன்னால கண்ணு நல்லா இருந்துது. என் படத்தைப் பாத்தாலே தெரியும், போன மாசம் வரைக்கும் எல்லாப் படமும் கத்தி மாதிரி இருக்கு. வேணும்னா இவளைக் கேளுங்க, இவதான் அறிக்கை பண்றவ."

டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடி பார்த்தார். "ரெண்டு வாரத்துல வந்த மாதிரி தெரியலையே. தழும்பு கட்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதற்கா, இல்லை என்பதற்கா, எனக்கே தெரியாது. டாக்டர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ஏதோ எழுதினார். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு கேள்விக்கு வாயைத் திறக்கப் பயந்து தலையை ஆட்டிவிட்டு நின்றேன். தொடைநடுங்கி என்று ஆயுள் முழுக்க அவனைக் கேலி செய்தவள் நான்.

அன்று மத்தியானமே அலுவலகத்துக்குப் போய்ப் பழைய படங்களைத் திறந்தேன். நான் கோடு இழுக்காத அசல் படங்கள். தண்ணீர்த் தொட்டிக் கட்டடம், மூன்றாவது படம். அங்கிருந்து மாதம் மாதமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். தெளிவு படிப்படியாகக் குறைந்து, கடைசி மாதப் படத்தில் பொட்டு எது, விரிசல் எது என்று தெரியவில்லை. விரிசல் வளர்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்த படங்கள். எட்டு மாதமாக ஒரு கண் கெட்டுக்கொண்டே வந்த கதை, தேதி வாரியாக, என் கணினியில் இருந்தது. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் நான் உட்கார்ந்து அழகுபடுத்தியிருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் ஊசிக்குப் போகும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். போர்வையால் முகம் மூடி, ஒரு கண் மட்டும் தெரியப் படுக்கவைத்திருந்தார்கள். இமைகளை ஒரு கம்பி விலக்கிப் பிடித்திருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் பாதங்கள் இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. அவனிடம் போய் அப்போது எதைச் சொல்ல? இரண்டாவது ஊசிக்கு அண்ணி கூட வந்திருந்தார். அண்ணி முன்னால் வாய் வரவில்லை. வீட்டில் அந்தக் கட்டத் தாளைக் குளியலறைக் கதவில் ஒட்டிவைத்து, காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து எனக்கு ஃபோன் பண்ணுவான். "இன்னைக்குக் கொஞ்சம் நேரா இருக்கு." மறுநாள், "இல்லடி, அப்படியேதான் இருக்கு." 'உனக்குத் தெரியுமா' என்று இன்றைக்குக் கேட்பானோ, இன்றைக்குக் கேட்பானோ என்றுதான் ஃபோனை எடுப்பேன்.

அவன் கேட்கவே இல்லை. அதுதான் கொடுமை.

இடையில் கண் விஷயம் தெரிந்து சார் அவனைக் கூப்பிட்டு ஒரு புது லென்ஸைக் கொடுத்தார். அவன் வேண்டாமென்று சொல்லிவிட்டு, இடது கண்ணால் அந்தப் பழைய லென்ஸில் பார்த்துப் பழக ஆரம்பித்தான். மூக்கு கேமராவின் முதுகில் நசுங்கும், மூச்சு பட்டுப் பின்திரை மங்கும். முன்னும் பின்னும் சாயும்போது திசை குழம்பிச் சுவரில் போய் முட்டுவான். எடுத்த படங்கள் என்னிடம் வந்தன. பாதி தெளிவு, பாதி மங்கல். ஒன்றையும் தொடாமல் அப்படியே அறிக்கையில் வைத்தேன். சார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அன்றைக்கும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், கண் என்று தெரிந்திருந்தால்.

மூன்றாவது ஊசி முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அன்று அண்ணிக்குக் காய்ச்சல், நான் மட்டும் கூடப் போனேன். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"கசிவு நின்னுடுச்சு, அது நல்ல செய்தி. ஆனா நடுவுல தழும்பு இருக்கு. அந்த இடத்துல பார்வை திரும்ப வராது சார். ஓரப் பார்வை இருக்கும். எழுத்து, முகம் எல்லாம் இந்தக் கண்ணால மட்டும்னா கஷ்டம். இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருந்தா பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம். இடது கண்ணை மாசா மாசம் பாக்கணும், விட்டுடாதீங்க."

அண்ணன் தலையாட்டினான். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். மருந்துக் கவுண்டர் முன்னால் வரிசையாக இரும்பு நாற்காலிகள். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். கொஞ்சம் தலையைச் சாய்த்து, என் காதுப் பக்கமாகப் பார்த்தான்.

"உன் மூஞ்சி இல்ல. தோடு மட்டும் தெரியுது."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் கையை இறக்கிவிட்டு என்னைத் தேற்ற ஆரம்பித்தான். ஆமாம், அவன் என்னை!

"விடு. நம்ம கையில என்ன இருக்கு? ரெண்டே வாரத்துல ஓடி வந்தேன், இதுக்கு மேல எந்த மனுஷன் சீக்கிரம் வருவான் சொல்லு? அவ்வளவு வேகமா வந்திருக்குது சனியன். வர்றது வந்தாச்சு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"ரெண்டு வாரம் இல்லண்ணா. எட்டு மாசம்."

அவன் புரியாமல் பார்த்தான். நான் சொன்னேன். தண்ணீர்த் தொட்டிக் கட்டடம், மூன்றாவது படம், சார் அறிக்கையைப் போட்டது, அவன் வாந்தி எடுத்தது, அண்ணியின் ஃபோன், கணினியில் இழுத்த கோடு, மாதாமாதம் கூட்டிக் கூட்டி இழுத்தது, டாக்டர் கேட்டபோது தலையாட்டியது. ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததால் கையிலிருந்த டோக்கனையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். மாதங்களை எண்ணுகிறான் என்று தெரிந்தது.

"அப்ப நான் பாத்துட்டிருந்ததெல்லாம் நீ பண்ணின படமா?"

"ஆமா."

"கிழவன் நல்லா வெட்டறான்னு சொன்னேனே."

"ஆமாண்ணா."

"எனக்கே தெரியலையே" என்றான். அதில் ஒரு துளி குத்தல் இல்லை. என் வேலையை மெச்சுகிற மாதிரிதான் சொன்னான். "ஏன் சொல்லல?"

"நீ பயப்படுவியேன்னுதான்."

அண்ணன் என் பக்கம் முழுதாகத் திரும்பினான். கத்துவான் என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னக் குழந்தைக்கு எடுத்துச் சொல்வது போல, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னான்.

"பயந்திருப்பேன்தானே. அன்னைக்கே பயந்திருப்பேன். பயந்தா நான் என்ன பண்ணுவேன்னு உனக்குத் தெரியாதா? நேரா டாக்டர்கிட்டதானே ஓடுவேன்."

கவுண்டரில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். டோக்கன் என் கையில்தான் இருந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை.